தொப்பியில் அறுநூறு வோல்ட்

ரேடியோ உரிமம் கொடுக்கும் ஆய்வாளர் வர இன்னும் ஆறு மணி நேரம், இருபது நிமிடம். தம்பி தன் கையால் கட்டிய ரேடியோ டிரான்ஸ்மிட்டரில் வால்வை, அந்தப் பழைய காலக் கண்ணாடிக் குழாயை, காணவில்லை.

மணி 9.40.

"ஒன்பதுக்கு ஓட்டிப் பார்த்தேன்க்கா. அணைச்சிட்டுக் குளிக்கப் போனேன். வந்தா வெறும் சாக்கெட்டு இளிக்குது!"

குட்டி போட்ட பூனையாக அறைக்குள் சுற்றிச் சுற்றி நடந்தான். இன்று செட் பேசாவிட்டால் உரிமம் கிடையாது. மறுபடி விண்ணப்பித்தால் இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அக்கா, எதையும் தொடாமல் குனிந்தாள். வால்வின் தலையில் மாட்டும் உலோகத் தொப்பி, கம்பியோடு தொங்கியது. பக்கத்துத் தகட்டில் புதிதாக ஒரு கரும்புள்ளி. மேசையில் கிடந்த ஸ்க்ரூடிரைவரின் நுனியும் கருகியிருந்தது.

"இது நீ செஞ்சதா?"

"இல்லையே."

"அணைச்சப்புறம் தொப்பியில கரண்ட் இருக்குமா?"

அவன் நெளிந்தான். "கெபாசிட்டர்ல அறுநூறு வோல்ட் தங்கும். அதை வடிக்கிற ரெசிஸ்டர் நேத்து கருகிடுச்சு. வெட்டி எடுத்துட்டேன். யார்கிட்டயும் சொல்லல."

அக்கா தொப்பியிலிருந்து ஓரடி பின்வாங்கினாள்.

தம்பி குளித்த நேரத்தில், அக்காவைத் தவிர, வீட்டில் இருந்தவர்கள் மூன்றே பேர்: அப்பா, அம்மா, தம்பியின் நண்பன் 'கரகர'.

10.15. கரகர முதலில் முந்திக்கொண்டான். "எனக்கெதுக்கு வால்வு? என் செட்டு டிரான்சிஸ்டர். வெறும் பன்னிரண்டு வோல்ட்."

"அது பேசுதா? கரகரன்னுதானே கத்துது!" தம்பி சீறினான்.

அப்பா சொன்னார்: "இவன் ஓட்டினா என் டிவியில கோடு கோடா ஓடுது. திருடத் தோணுச்சு. திருடல."

அம்மா தையல் இயந்திரத்திலிருந்து நிமிரவில்லை. "எனக்கு அதுல ஆனா ஆவன்னா தெரியாது."

10.40. பிளக்கைப் பிடுங்கி, உள்ளே மிச்சம் எதுவும் இல்லை என்று மீட்டர் வைத்துப் பார்த்த பிறகு, அக்கா மூவரையும் அழைத்தாள்.

"அந்தத் தொப்பியைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க."

கரகர இரண்டு கையையும் உள்ளே விட்டான். அப்பா இரண்டடி தள்ளியே நின்றார்: "பல்பு மாத்தவே எனக்கு ஆள் வேணும்." அம்மா வலது கையை நீட்டினாள். இடது கை தானாக முதுகுக்குப் பின்னால் போனது.

"எடுத்தது அம்மா," என்றாள் அக்கா.

"ஏய்!" என்றார் அப்பா.

"தெரியாதவங்க நேரா கையை விட்டு அடி வாங்கியிருப்பாங்க. எடுத்தவங்க முதல்ல ஸ்க்ரூடிரைவரால தொப்பியையும் தகட்டையும் சேர்த்துத் தொட்டுக் கரண்டை வடிச்சிருக்காங்க. அதான் கரும்புள்ளி. ஒத்தைக் கையால வேலை செய்றதும் வால்வுக்காரங்க பழக்கம். ரெண்டு கையும் பட்டா கரண்ட் நெஞ்சு வழியா போகும். இதை யாரும்மா உனக்குக் கத்துக் கொடுத்தாங்க?"

அம்மா போய், துணியில் சுற்றிய வால்வோடு வந்தாள். தம்பியிடம் கொடுக்கவில்லை.

"முதல்ல ரெசிஸ்டரைப் போடு. காலையில பெருக்கும்போது குப்பையில கிடந்துச்சு."

தம்பியின் நடை நின்றது. "அது ரெசிஸ்டர்னு உனக்கு எப்படிம்மா தெரியும்?"

அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை.

"உங்க மாமா, என் அண்ணன், எல்லாரும் நினைக்கிற மாதிரி காய்ச்சல்ல சாகல. நான் கட்டின செட்டைத் தொட்டுத்தான் செத்தார்."