திரைக்கு வெளியே போன அம்பு

"கம்ப்யூட்டருக்கு உயிர் இருக்குக்கா, ஆனா முகத்தைக் காட்ட மாட்டேங்குது," என்றாள் டியூஷன் டீச்சர். கடைக்குள் வந்தவள் நாற்காலியைப் போட்டும் உட்காரவில்லை.

முந்தின நாள் காலையிலிருந்து இப்படித்தான். சுவிட்சைப் போட்டால் ஓசை வருகிறது, நீலப் பின்னணி வருகிறது, அதோடு சரி. கோப்புகளின் சின்னங்கள் இல்லை, கீழே ஓடும் பட்டை இல்லை. கெடுத்தது டீச்சரின் தம்பிதான் என்று கணவர் சாதிக்கிறார். வேலை தேடி வந்து மூன்று மாதமாக அவர்கள் வீட்டில் தங்கியிருப்பவன். மதியத்துக்குள் பெட்டியைக் கட்டு என்று சொல்லிவிட்டாராம்.

"அவன் கெடுத்திருந்தா நானே அனுப்பிடறேன். கெடுக்கலைன்னா கூடப் பிறந்தவனை எப்படி வெளியே தள்ளுவேன்? நீங்க வந்து பார்த்துச் சொல்லுங்க."

தெருவில் எது கெட்டாலும் கூப்பிடப்படுகிறவள் என்பதால் கடைக்காரிக்குப் பழுதக்கா என்று பெயர். நிதானம் அவளுடன் பிறந்தது. கடை வாசலில் பொழுதைக் கழிக்கும் ஓய்வுபெற்ற தபால்காரருக்கோ நிதானம் என்றால் வேப்பங்காய்.

"வேலையில்லாத பையன் கண்டதையும் இறக்கியிருப்பான். கேஸ் முடிஞ்சுது!" என்றபடி செருப்பை மாட்டினார் அவர். முப்பது வருடம் முகவரி தேடிப் பழகிய மூக்கு, குற்றவாளியையும் தேடிக் கொடுத்துவிடும் என்று அவருக்கு அசைக்க முடியாத நம்பிக்கை.

வீட்டின் கூடம் நீளமானது. பஸ் ஓட்டுநரான கணவர் சீருடையோடு உள்பக்கம் நின்றிருந்தார். இரண்டு மணி வண்டி அவருடையது.

"யாரு?" என்றார், வாசலைப் பார்த்து.

தபால்காரருக்குச் சுருக்கென்றது. இருபது வருடம் இந்த வாசலில் கடிதம் கொடுத்தவர் அவர். "உங்க மத்தியானத் தூக்கத்தைக் கெடுத்தவன்தான்," என்றார்.

"அட, தபால் அண்ணனா! வாங்க, வாங்க," என்று குரலைக் கேட்டதும் ஓட்டுநர் சிரித்தார். காக்கிச் சட்டையைக் கழற்றினால் மனிதர்கள் எவ்வளவு சீக்கிரம் மறந்துவிடுகிறார்கள் என்று தபால்காரர் வருத்தப்பட்டுக்கொண்டார்.

பழுதக்கா வாசலருகே தரையில் ஒட்டியிருந்த ஒரு நீல டேப்பைக் குனிந்து பார்த்தாள். பிறகு எதிர்ச் சுவரில் இருந்த டிவியைப் பார்த்தாள்.

கட்டிய பெட்டியின் மேல் தம்பி உட்கார்ந்திருந்தான். "ஒரு நிமிஷம் விட்டா நானே பார்த்துடுவேன்க்கா. மாமா கிட்டவே போகக் கூடாதுங்கறார்."

"கெடுத்தவன்கிட்டயே மறுபடியும் குடுப்பாங்களா?" என்றார் ஓட்டுநர்.

கம்ப்யூட்டர், டிவி மாட்டிய சுவருக்குப் பின்னால் இருந்த அறையில் இருந்தது. நீலத்திரையில் அம்பு மட்டும் நின்றது. சாதாரண அம்பைப்போல மூன்று மடங்கு பெரிது. பழுதக்கா மவுஸை வலப்பக்கமாகத் தள்ளினாள். ஓரத்தில் முட்டி நிற்க வேண்டிய அம்பு, நிற்காமல் திரையைத் தாண்டிக் காணாமல் போயிற்று.

"எங்கே போச்சு?" என்றார் தபால்காரர்.

"அதான் கேள்வி, அண்ணே."

அவர் சும்மா இருப்பாரா? கம்ப்யூட்டரின் முதுகைத் தடவி, சுவரில் இருந்த துளைக்குள் போகும் ஒரு வயரைக் கண்டுபிடித்தார். "இது யார் வேலை?"

"படம் பார்க்க நான்தான் போட்டேன்," என்று ஒத்துக்கொண்டான் தம்பி. தபால்காரர் வெற்றியோடு பழுதக்காவைப் பார்த்தார். அவளோ டீச்சரிடம் கேட்டாள்: "நீங்க இல்லாத நேரத்துல வீட்டுல யாரு இருப்பா?"

"காலையில நான் கிளாஸுக்குப் போயிடுவேன், தம்பி வேலை விசாரிக்கப் போயிடுவான். இவர் மட்டும்தான். நேத்து திரும்பி வந்தப்போ கூடத்துல நின்னு ஏதோ மனப்பாடம் பண்ணிட்டிருந்தார். பாட்டு போலன்னு நினைச்சேன்."

பழுதக்கா எல்லோரையும் கூடத்துக்கு அழைத்தாள். தான் மட்டும் டிவியைப் போட்டுப் பார்த்துவிட்டு உள்ளே போய் எதையோ தட்டிவிட்டு வந்தாள். தொலைந்துபோன சின்னங்களும் பட்டையும் டிவியில் இருந்தன. நடுவே, மேலே பெரிதும் கீழே வரவரச் சிறிதுமாக எழுத்துகள் அடுக்கிய ஒரு படம்.

"கம்ப்யூட்டர் கெடவே இல்ல. டிவிதான் தன் முதல் திரைன்னு நினைச்சு, எல்லாத்தையும் இங்கே வச்சிருக்கு. அம்பும் இங்கேதான் வந்துச்சு."

"அதைத்தானே நானும் சொன்னேன், இவன் படம் பார்க்கப் போய்..." என்று ஆரம்பித்தார் ஓட்டுநர்.

"வயர் இவனோடது. ஆனா இவனுக்குத் திருப்பி மாத்தத் தெரியும். செஞ்சவருக்குத் தெரியல. மாத்தற இடத்துல எழுத்து ரொம்பச் சின்னது. அம்பையே அவ்வளவு பெரிசா வச்சுக்கிட்டவருக்கு அது எப்படித் தெரியும்? அண்ணே, அந்த டேப்புல இருந்து டிவி வரைக்கும் அளங்க."

தபால்காரர் அடிமேல் அடி வைத்து நடந்தார். "இருபது அடி."

"கண் டெஸ்டுல நிக்க வைக்கிற தூரம்," என்ற பழுதக்கா ஓட்டுநர் பக்கம் திரும்பினாள். குரல் தாழ்ந்திருந்தது. "டேப்புல நின்னு, நாலாவது வரியைப் படிங்க. சரியாப் படிச்சா, நான் சொன்னதெல்லாம் தப்பு."

அவர் போய் நின்றார். தடங்கலே இல்லாமல் படித்தார். "ப, ட, ம, க, ர."

தபால்காரர் டிவியை மறுபடி பார்த்தார். அவருடைய அறுபத்தைந்து வயதுக் கண்ணுக்கே தெரிந்தது: திரையில் இருந்தவை ச, ல, வ, ந, த.

"நீங்க மனப்பாடம் பண்ணின படத்தை நான் மூடிட்டேன். இது வேற படம்," என்றாள் பழுதக்கா.

இந்த மனிதர் தன்னை மறக்கவில்லை, தன்னைப் பார்க்கவே இல்லை என்பது தபால்காரருக்கு அப்போதுதான் உறைத்தது. கேஸை முடித்த சந்தோஷம் வரவில்லை. யாரோ இறந்த செய்தியைத் தந்தியில் கொண்டுபோய்க் கொடுத்த நாட்களின் கனம்தான் நெஞ்சில் இருந்தது.

"நாளைக்கு டிரைவர் மெடிக்கல், அங்கே காட்டற படத்தைத்தான் மனப்பாடம் பண்ணினேன். ஆறு மாசமாவே மங்கல்," என்றார் ஓட்டுநர், டேப்பை விட்டு நகராமல். "தெரிஞ்சா சீட்டைக் கிழிச்சிடுவாங்க. இவன் கம்ப்யூட்டரைத் தொட்டா கண்டுபிடிச்சிடுவான்னு பழியை இவன் மேலயே போட்டேன்."

டீச்சர் அழவில்லை. "நேத்து உங்க வண்டியில எத்தனை பேர்?" என்று மட்டும் கேட்டாள்.

"அறுபது இருக்கும். நேத்து ஸ்கூல் பக்கம் ஏதோ சாக்கு மூட்டை கிடக்குன்னு ஒடிச்சுத் திருப்பினேன். மூட்டை எந்திரிச்சு ஓடுச்சு."

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தாள். மணி ஒன்றைத் தாண்டியிருந்தது.

ஓட்டுநர் தன் போனை எடுத்தார். அதை முகத்துக்கு அருகே கொண்டுபோனார், தள்ளிப் பிடித்தார். பிறகு மச்சினனிடம் நீட்டினார்.

"டிப்போ நம்பரை நீ போட்டுக் குடுப்பா. எனக்குத் தெரியல."

தம்பி போட்டுக் கொடுத்தான்.

"நான்தான் பேசறேன். ரெண்டு மணி வண்டிக்கு வேற ஆளைப் போடுங்க," என்றார் ஓட்டுநர். அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். அவர் நிமிர்ந்து நின்றார். "இல்ல சார். இனிமே எப்பவுமே."