மேகத்துக்குள் நின்ற கார்

ஸுவைனாவின் வாப்பா ஹிலால், நிஸ்வா நகரத்தில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். நாள் முழுவதும் கண்ணாடி துடைப்பதுதான் அவர் வேலை. அதனாலோ என்னவோ, எங்காவது ஒரு விரல் அடையாளம் தெரிந்தால் அவருக்கு இருப்புக் கொள்ளாது.

அப்படிப்பட்டவர் ஒரு பெரிய கார் வாங்கினார்.

முத்து வெள்ளை நிறம். பின்கதவைத் திறந்தால் ஒரு குட்டி அறைக்குள் நுழைவது போல இருக்கும். பத்து வயது ஸுவைனா காலை எவ்வளவு நீட்டினாலும் முன்சீட்டு எட்டாது. மேலே கூரை முழுக்கக் கண்ணாடி. கதவைச் சும்மா தொட்டால் போதும், அதுவே தன்னை மெல்ல இழுத்துச் சாத்திக்கொள்ளும்.

சீட்டுகள் பாலாடை நிறத்தில் இருந்தன. அவற்றில் பொடிப்பொடி ஓட்டைகள். ஒரு பொத்தானை அழுத்தினால் அவற்றின் வழியாகக் குளிர்காற்று வரும். இன்னொன்றை அழுத்தினால் சீட்டு சூடாகும்.

"நிஸ்வா வெயில்ல சூடு சீட்டை யாரு கேட்டா?" என்று உம்மா சிரித்தார்.

எல்லாம் சரி. ஆனால் கார் கடையிலிருந்து வந்தபோது சீட்டுகளின் மேல் இருந்த பிளாஸ்டிக் உறையை வாப்பா கழற்றவே இல்லை.

"அழுக்காயிடும்" என்றார்.

அந்த ஆண்டு கரீஃப் மழைக்காலத்தில், தெற்கே மலைக்கு அப்பால் கடலோரத்தில் இருக்கும் ஸலாலாவுக்கு அவர்கள் புறப்பட்டார்கள். நடுவில் பெரிய பாலைவனம். வெளியே அனல் பறந்தது. உள்ளே சிறு சத்தம்கூட இல்லை. கார் ஓடுகிறதா, மணல்தான் பின்னால் ஓடுகிறதா என்றே தெரியவில்லை. ஸுவைனா கண்ணைப் பாதி மூடிக்கொண்டாள். இது கார் இல்லை, கடலில் போகும் ஒரு வீடு என்று நினைத்துக்கொண்டாள். அந்த வீட்டில் ஜன்னலுக்குத் திரை இருக்கிறது, படிக்க விளக்கு இருக்கிறது, சாய்ந்துகொள்ளத் தலையணை இருக்கிறது...

கரக் முரக்!

ஐந்து வயதுத் தம்பி அஸான் திரும்பி உட்கார்ந்தான். பிளாஸ்டிக் கத்தியது. கடல்வீடு காணாமல் போனது.

"பின்னாடி சில்லுன்னு காத்து வருதா?" என்று முன்சீட்டிலிருந்து உம்மா கேட்டார்.

"வருது உம்மா. ஆனா எங்களுக்கு இல்ல, பிளாஸ்டிக்குக்கு வருது."

"என் முதுகு ஒட்டிக்கிச்சு. என்னைப் பிச்சு எடுங்க!" என்றான் அஸான்.

வாப்பா காது கேட்காதவர் போல ஓட்டினார்.

மாலையில் மலை வந்தது. மலையின் உச்சியைத் தாண்டியதும் பாலைவனம் முடிந்து மேகம் தொடங்கியது. முதலில் மெல்லிய சல்லாத் துணி போல வந்தது. பிறகு சாலையே தெரியவில்லை. வாப்பா வேகத்தைக் குறைத்து, சாலையோரம் கார்கள் ஒதுங்கி நிற்கும் இடத்தில் நிறுத்தினார். அங்கே ஏற்கெனவே பல வண்டிகள் நின்றிருந்தன. அவற்றின் மஞ்சள் விளக்குகள் மட்டும் விட்டுவிட்டு மின்னின.

"மேகம் விலகுற வரைக்கும் இங்கதான். அவசரப்பட்டா ஆபத்து" என்றார் வாப்பா.

கண்ணாடிக் கூரை மேல் மேகம் வெள்ளையாக நகர்ந்தது. மூன்று ஒட்டகங்கள் எங்கிருந்தோ வந்து, ஒரு சத்தமும் இல்லாமல் காரைக் கடந்து, எங்கேயோ போய் மறைந்தன. ஸுவைனாவுக்கு மேகத்தைத் தொட ஆசையாக இருந்தது. ஜன்னல் கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கினாள்.

உடனே ஓர் அழுகைச் சத்தம் உள்ளே வந்தது. கைக்குழந்தையின் அழுகை.

"ஜன்னலை மூடும்மா, ஈரம் உள்ள வருது" என்றார் வாப்பா.

அவள் மூடினாள். அழுகை நின்றுவிட்டது. மறுபடி திறந்தாள். அழுகை கேட்டது. மூடினாள். ஒன்றுமே கேட்கவில்லை.

அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. குழந்தை விடாமல் அழுதுகொண்டுதான் இருக்கிறது. தடித்த கண்ணாடிக்குள் இருப்பதால் இவர்களுக்குத்தான் கேட்கவில்லை.

"உம்மா, பக்கத்துல ஒரு பாப்பா ரொம்ப அழுவுது. போய்ப் பாக்கலாமா?"

உம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். நாலடி தள்ளி ஒரு பழைய பிக்கப் வண்டி நின்றது. அதன் ஜன்னல் பக்கம் ஓர் இளைஞர் வெளியே முதுகைக் காட்டி நின்றிருந்தார். தோளில் இருந்த சால்வையை இரண்டு பக்கமும் விரித்துப் பிடித்திருந்தார். தூறலில் முழுக்க நனைந்திருந்தார்.

"தம்பி, மழையில ஏன் இப்படி நிக்கிறீங்க?" என்று உம்மா கேட்டார்.

"ஜன்னல் கண்ணாடி கதவுக்குள்ள விழுந்துடுச்சு அக்கா. ஈரம் உள்ள அடிக்குது. அதான் நானே கண்ணாடியா நிக்கிறேன்" என்றார் அவர். அவர் பெயர் பகீத்.

உள்ளே அவருடைய மனைவி துஃபூல், குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டிருந்தார்.

"காலைல பாப்பாவுக்குத் தடுப்பூசி போட்டோம் அக்கா. உடம்பு கொஞ்சம் சுடுது. தூங்கினா சரியாயிடும்னு நர்ஸ் சொன்னாங்க. குளிர்ல எங்க தூங்குறா!" என்றார். அவருக்கே அழுகை வந்துவிடும் போல இருந்தது.

"எங்க கார்ல வந்து உட்காருங்க" என்றாள் ஸுவைனா. "உள்ள கதகதப்பா இருக்கு. சத்தமே கேக்காது."

துஃபூல் தன் செருப்பைப் பார்த்தார். அது முழுக்கச் செம்மண். "வேண்டாம்மா, உங்க வண்டி புதுசு."

"அது கார்தானே? அதுக்கு ஒண்ணும் ஆகாது. வாங்க" என்றாள் ஸுவைனா.

பெண்கள் காருக்குள் வந்ததும் வாப்பா தானாகவே இறங்கி, பகீத்துக்குத் துணையாகப் பிக்கப்பில் போய் உட்கார்ந்தார். அஸான் தாவி முன்சீட்டுக்குப் போய் உம்மாவின் மடியில் ஏறினான்.

"இதுக்குப் பல்லே இல்லையே, எப்படி இவ்வளவு சத்தமா கத்துது?" என்று கேட்டான்.

"உனக்கும் பல்லு இல்லாதப்ப இதைவிட அதிகமா கத்தின" என்றார் உம்மா.

ஸுவைனா வேலையில் இறங்கினாள். கதவு மெல்லச் சாத்திக்கொண்டது. ஜன்னல் திரையை இழுத்து மூடினாள். விளக்கைக் குறைத்தாள். துஃபூலின் சீட்டைப் பின்னால் சாய்த்து, கால் வைக்கும் பலகையை நீட்டினாள். குழந்தையின் அழுகை விம்மலாகக் குறைந்தது. இமைகள் இறங்கின. துஃபூல் லேசாகச் சாய்ந்தார்.

கரக் முரக்!

குழந்தை வீறிட்டது.

முதுகில் தட்டிக்கொடுத்தார்கள். மறுபடி இமை இறங்கியது. துஃபூல் மூச்சைக்கூடப் பிடித்துக்கொண்டார். கையை அசைத்தால் கரக். காலை மடக்கினால் முரக். சீட்டுச் சூட்டைப் போட்டுப் பார்த்தாள் ஸுவைனா. சூடு மேலே வரவில்லை, பிளாஸ்டிக் நாற்றம்தான் வந்தது.

"உறையைக் கிழிச்சிடலாமா?" என்று அஸான் ஆசையோடு கேட்டான்.

ஸுவைனாவின் கையும் உறையின் ஓரத்துக்குப் போனது. பிறகு நின்றது. வாப்பா எவ்வளவு ஆசையாக வாங்கிய கார்! அவள் கதவைத் திறந்து மேகத்துக்குள் இறங்கினாள்.

பிக்கப்பில் வாப்பாவும் பகீத்தும் ஒரே குடுவையிலிருந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். இப்போது ஜன்னலோரம் வாப்பா உட்கார்ந்திருந்தார். அவர் மூக்குக்கண்ணாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"வாப்பா, பாப்பா தூங்குது. பிளாஸ்டிக் எழுப்பிவிடுது."

வாப்பாவுக்குப் புரிந்துவிட்டது. தேநீரைப் பார்த்தார். மேகத்தைப் பார்த்தார்.

"அவங்க உட்கார்ந்திருக்கிற பக்கம் மட்டும் எடுத்தா போதுமா?"

"முழு சீட்டுக்கும் ஒரே உறை வாப்பா."

"பால் கொட்டினா?"

"நான் துடைக்கிறேன்."

"கறை போகலேன்னா?"

ஸுவைனா யோசித்தாள். "போகலேன்னா, இந்த இடத்துலதான் ஒரு பாப்பா தூங்கிச்சுன்னு நமக்குத் தெரியும்" என்றாள்.

பகீத் அவசரமாக, "வேண்டாம் அண்ணே, பரவால்ல. நாங்க சமாளிச்சிக்குவோம்" என்றார்.

வாப்பா அதற்குள் இறங்கிவிட்டார். உம்மாவும் துஃபூலும் குழந்தையோடு ஒரு நிமிடம் முன்பக்கம் ஒதுங்கிக்கொள்ள, அவரே உறையைப் பிரித்தார். முதலில் ஓரம் ஓரமாக, கட்டுப்போட்ட காயத்தை அவிழ்ப்பது போல, மெல்ல. பிறகு ஒரே இழுப்பு. சர்ரென்று சத்தம் வந்தது. குழந்தை அழுகையை நிறுத்திவிட்டு, இது யார் என்று அவரை முறைத்துப் பார்த்தது.

"மன்னிச்சிக்கம்மா. இதுதான் கடைசிச் சத்தம்" என்று அதனிடம் சொல்லிவிட்டு, பிளாஸ்டிக்கைச் சுருட்டி எடுத்துக்கொண்டு பிக்கப்புக்குப் போனார்.

ஸுவைனா அன்றுதான் அந்தச் சீட்டை முதன்முதலாகத் தொட்டாள். மாவு பிசைந்து வைத்தது போல மெத்தென்று இருந்தது. சூடு மெல்ல மெல்ல மேலே வந்தது. துஃபூல் சாய்ந்தார். ஒரு சத்தமும் இல்லை. குழந்தை ஒரு கையை விரித்து, சீட்டின் மேல் வைத்தது. இரண்டு முறை கொட்டாவி விட்டது. பிறகு தூங்கிவிட்டது. சற்று நேரத்தில் துஃபூலும் தூங்கிவிட்டார்.

மேலே மேகம் போய்க்கொண்டே இருந்தது. பார்க்கப் பார்க்க, நகர்வது மேகமா காரா என்று ஸுவைனாவுக்குக் குழப்பமாக இருந்தது. மலையைவிட்டு மேலே எழும்பி, அத்தனை பேரையும் சுமந்துகொண்டு கார் மிதப்பது போலத் தோன்றியது.

வெகுநேரம் கழித்து மேகம் கொஞ்சம் கலைந்தது. மற்ற வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. ஒருவர் ஹாரன் அடிக்கப் போனார். வாப்பா இரண்டு கைகளையும் ஆட்டிக்கொண்டு அவர் முன்னால் ஓடி, வாயில் விரல் வைத்துக் காட்டினார்.

பிறகு பகீத்தோடு வந்து காருக்குள் எட்டிப் பார்த்தார். குழந்தையின் வாயோரம் வழிந்த பால் சீட்டில் சின்ன வட்டமாகத் தெரிந்தது. பகீத் பதறிப்போய், "எழுப்பிடறேன் அண்ணே" என்றார்.

"தூங்குற பிள்ளையை எழுப்புவாங்களா? உங்க வீடு எங்க இருக்கு?"

"மேல, மலைல. நீங்க கீழ ஸலாலாவுக்கு இல்ல போகணும்?"

"ஸலாலா எங்கயும் ஓடிப்போகாது. நீங்க முன்னாடி போங்க. நான் பின்னால வரேன்."

வாப்பா சத்தமில்லாமல் கதவைச் சாத்தினார். காரை வந்த வழியே திருப்பினார். முன்னால் பிக்கப்பின் சிவப்பு விளக்கு ஆடி ஆடிப் போனது.

"வாப்பா, வேகமா போங்க!" என்றான் அஸான்.

"உஷ்ஷ்" என்றார் வாப்பா.

பின்சீட்டில் ஸுவைனாவுக்கும் கண் சொக்கியது. பக்கத்தில் குழந்தையின் மூச்சு மட்டும் கேட்டது. பெரிய கார், பால் நிறைந்த கிண்ணத்தைத் தூக்கிச் செல்பவர் நடப்பது போல, வளைவுகளில் மெதுவாக, மிக மெதுவாக மலை ஏறியது.