விந்தார்த்தியின் கேசட்

"பொரிச்ச டெம்பே மிச்சம் இருக்கா?" என்று கேட்டேன். என் மனைவி விந்தார்த்தி பேசாதே என்று கண்ணைக் காட்டிவிட்டு டேப் ரிக்கார்டரில் பேசிக்கொண்டே இருந்தாள்.

கப்பல் வேலை தேடுகிறவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது அவள் தொழில். எங்கள் ஊர் மொழியில் கொண்டுவருவதற்கும் கொண்டுபோவதற்கும் ஒரே சொல்தான். அதனால் செமாராங் துறைமுகத்தில் 'பிரிங்', 'டேக்' இரண்டும் யாருக்கும் லேசில் பிடிபடுவதில்லை. வகுப்பில் அவள் கையை மார்புப் பக்கம் இழுத்தால் பிரிங். வெளியே தள்ளினால் டேக். கேசட்டில் கை தெரியாது. அதனால் கண்ணாடி டம்ளரைக் கரண்டியால் தட்டினாள். ஒரு தட்டு பிரிங், இரண்டு தட்டு டேக்.

மறுநாள் காலை சந்தையில் விழுந்தவள் எழவில்லை.

ஏழாம் நாள் பிரார்த்தனைக்கு அவளுடைய மாணவர்கள் வந்து போனார்கள். அதன் பிறகுதான் அவள் குரலைக் கேட்க எனக்குத் துணிச்சல் வந்தது. டேப் ரிக்கார்டர் பெட்டியைத் திறந்தால் கேசட் இல்லை. அவள் குரல் வேறு எதிலும் பதிவாகியிருக்கவில்லை.

குந்தோரோவைத் தேடிப் போனேன். சுங்க இலாகாவில் கடத்தல் பிடித்து ஓய்வு பெற்றவர்; பேரனோடு போட்டி போட்டுக்கொண்டு விந்தார்த்தியிடம் படித்தவர். பயிற்சித் தாளை முறைத்தபடி உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சக மாணவி, தையல்காரி முர்தினி.

"'டாக்டர்கிட்ட பிரிங் மீ'ன்னா தப்பாம் தம்பி. என்னத்த வந்துச்சு, என்னத்த போச்சு? போய்ச் சேர்ந்தா சரிதானே!" என்றார் குந்தோரோ.

"எது உள்ள வருது, எது வெளிய போகுதுன்னு ஆயுசு பூரா பாத்த மனுஷன், இதுல போய் மாட்டிக்கிட்டாரு," என்று முர்தினி சிரித்தாள். என் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினாள்.

நான் நடந்ததைச் சொன்னேன். விந்தார்த்தி கேசட் பதிவு செய்த மாலையை ஒன்றுவிடாமல் சொல்லச் சொன்னார் குந்தோரோ. சொன்னேன்.

"இத வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"இல்லண்ணே."

"நம்ம வகுப்பு லாஸ்மிதான் ஐயா!" என்றாள் முர்தினி. "பிரார்த்தனை அன்னைக்கு அந்தப் பெட்டியை ஒட்டி உக்காந்திருந்தா. வாங்க, அவ பையக் கொட்டிப் பாப்போம்."

"விக்கிறதுக்கு எடுத்திருந்தா பெட்டியையே தூக்கியிருப்பாங்கம்மா. கேசட்ட மட்டும் எடுத்தது படிக்கிறதுக்கு. படிச்சத எந்தப் பையில ஒளிப்பாங்க?"

ஞாயிற்றுக்கிழமை எங்கள் முன்னறையில் வகுப்பு கூடியது. குந்தோரோ ஒரே கேள்வியைத்தான் எல்லாரிடமும் கேட்டார்: இந்தத் தேநீரைக் கேப்டனிடம் கொண்டுபோ என்பதை எப்படிச் சொல்வது?

லாஸ்மியின் கை வெளியே போனது, திரும்பி வந்தது, மறுபடி போனது. "பிரிங்... ஐயோ, கை போற பக்கம் வாய் போகமாட்டேங்குதே!"

வியோத்தோ கையை மார்பில் வைத்துக்கொண்டு, "எனக்குக் கப்பலே வேணாம்," என்றான்.

ஏற்கெனவே இரண்டு நேர்காணலில் தோற்றிருந்த தார்யோனோ கையைத் தூக்கவில்லை. நாற்காலிக் கையில் அவன் விரல் இருமுறை தட்டியது. "டேக்," என்றான்.

"பாத்தீங்களா, தப்பே இல்ல!" என்று முர்தினி கைதட்டினாள்.

"தப்பே இல்ல. ஆனா எதுக்குத் தட்டினப்பா?"

"சும்மா... பழக்கம்."

"வகுப்புல டீச்சர் ஒருநாளும் தட்டினதில்ல. எல்லாருக்கும் கையத்தான் காட்டினாங்க. தட்டினது கேசட்டுல மட்டும். அத இன்னும் யாரும் கேக்கல, அவங்க புருஷன்கூட."

தார்யோனோ சட்டைப் பையிலிருந்து கேசட்டை எடுத்து என் முன்னால் வைத்தான்.

"வர்ற வெள்ளிக்கிழமை நேர்காணல்ண்ணே. முடிஞ்சதும் வெச்சிடலாம்னுதான் நெனச்சேன். ஆனா... என் உச்சரிப்பு எப்படியிருக்குன்னு கேக்குறதுக்காகச் பதிவு பண்ற செவப்புப் பொத்தான அமுக்கிட்டேன். அதுக்கப்புறம் திருப்பித் தரவும் பயம்."

நான் கையை ஓங்கினேன். குந்தோரோ தடுக்கவில்லை. அவனைப் பார்த்து, "எவ்வளவு போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"ஆரம்பம்."

ஓங்கிய கையாலேயே கேசட்டை எடுத்துப் போட்டேன். "பிரிங்... இல்ல, டேக்... சே!" என்று தார்யோனோ தன்னையே திட்டிக்கொண்டு நெடுநேரம் தடுமாறினான். பிறகு ஒரு சொல்லின் நடுவில் விந்தார்த்தி வந்தாள். மாணவர்கள் திருப்பிச் சொல்வதற்கென்று இடைவெளி விட்டு விட்டுப் பேசினாள். அந்த இடைவெளிகளில் யாருக்கும் வாய் வரவில்லை. கடைசியில் குந்தோரோதான் ஆரம்பித்தார், தப்பாக. பிறகு எல்லாரும் சொன்னார்கள். தார்யோனோவும் சொன்னான்.

கேசட்டின் மறுபக்கம் காலி. அதில் எதையும் பதிய எனக்கு மனம் வரவில்லை; இன்றும் அப்படியேதான் இருக்கிறது.