அப்புறம் வாங்க

அது தன் பெயரைச் சொல்லவில்லை. நிமியாவை முதலில் உறுத்தியது அதுதான். மெயில் சர்வரைத் தேடி வரும் எந்த எந்திரமும் முதலில் பெயர் சொல்லும். குப்பை மெயில் அனுப்புகிறவைகூட ஒரு பொய்ப்பெயராவது சொல்லும். இது 'நான்தான்' என்றது. எதையும் அனுப்பாமல் சற்று நேரம் நின்றுவிட்டுப் போனது. அந்த முகவரியைத் தடுத்தாள். அடுத்த நிமிடமே வேறொரு முகவரியிலிருந்து அதே 'நான்தான்'. காலையிலிருந்து முந்நூறைத் தடுத்தாயிற்று, சனியன் விடுவதாயில்லை.

வில்லாரிக்கா ஊரில் மதியம் ஒரு மணிக்குமேல் தெருவில் நாய்கூட நடக்காது. பால் சங்கத்தின் சர்வர் அவள் வீட்டு முன்னறையில்தான் இருந்தது. அதன் விசிறி இரைச்சலும், சூடேறிய பிளாஸ்டிக் வாசனையும், வெயிலில் முறுக்கிக்கொள்ளும் கூரைத் தகரத்தின் சத்தமும், பின்னறையில் ஆறு வயது மகள் அராமி தூங்கும் வலை ஊஞ்சலின் கிரீச்சும் தவிர வீட்டில் வேறு அரவமில்லை. கூட வேலைபார்க்கும் எவுலோஜியோவுக்குப் போன் செய்தாள்.

"பேயாட்டம் வருதுப்பா."

"தடுக்கத் தடுக்க அதுக்கு ரோஷம் வரும், நிமியா. 'அப்புறம் வா'ன்னு மரியாதையா சொல்ற மாதிரி வச்சிடு. குப்பை அனுப்புறவனுக்கு ஏது பொறுமை? கால் மணி கழிச்சுத் திரும்பி வந்தா நல்லவன், அதுவே உள்ள விட்டுடும். நீ போய் ஐஸ் போட்டுத் தெரெரே குடி."

அப்படியே வைத்தாள். 'நான்தான்' வந்தது. 'அப்புறம் வா' என்றது சர்வர். போய்விட்டது. அப்பாடா என்றிருந்தது.

கேட்டுக்கு வெளியே யாரோ மூன்று முறை கைதட்டினார்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள், ஆனால் ஊரே தூங்கும் இந்த நேரத்தில் எவரும் வருவதில்லை. நிமியா எழுவதற்குள், பழக்கிவைத்தபடியே பின்னறையிலிருந்து அராமி குரல் கொடுத்தாள்.

"அம்மா தூங்குறாங்க. அப்புறம் வாங்க."

"யாருடி அது?"

"நான்தான்னு சொன்னாங்கம்மா."

நிமியா எழுந்தாள். ஜன்னலில் பார்த்தாள். வெறும் வெயில். ஓடிவந்து சர்வரில் அந்த 'அப்புறம் வா' விதியை அழித்தாள். விதி மறுபடி வந்து நின்றது. அழித்தாள். நின்றது. மின் கேபிளைப் பிடுங்கினாள். திரை அணையவில்லை.

கால் மணி ஆனது.

'நான்தான்.'

'ஏற்கப்பட்டது.'

விசிறி நின்றது. பின்னறையில் ஊஞ்சல் ஒருமுறை ஆழமாகக் கிரீச்சிட்டது.

"அராமி?"

"இங்கதாம்மா இருக்கேன்."

கதவு வழியே பார்த்தாள், ஊஞ்சல் வலைக்குள் சின்ன உருவம் அசைந்தது. நிமியா மறுபடி திரைப் பக்கம் திரும்பினாள்.

கேட்டில் கைதட்டல். சின்னக் கைகள்.

ஜன்னல் கம்பிகளுக்கு அப்பால், கொதிக்கும் தரையில் வெறுங்காலோடு, கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள் அராமி. முகமெல்லாம் அழுகை.

"அம்மா, நான்தாம்மா. திறம்மா."

ஓட வேண்டும். கால் வரவில்லை. இமைகள் கனத்தன. நாற்காலியில் சரிந்தாள்.

"அம்மா தூங்குறாங்க," என்றது ஊஞ்சல். "அப்புறம் வாங்க."

கண்கள் தாமாக மூடிக்கொண்டன. வெளியே கைதட்டல் நிற்கவில்லை.