சங்கு முத்திரை இல்லாத படகு

"சுண்ணாம்பு அதிகம், பூதி! நாக்கு வெந்துபோயிற்று," என்றான் ஐயாறன். வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டுச் சிரித்தபடி முதல் படகில் தாவி ஏறினான். வாசகர்களே, பூதி கேட்ட அவனுடைய கடைசிச் சொற்கள் அவையே.

கொள்ளிடத்தின்மீது நிலவு எழுந்த அந்திநேரம் அது. படகு திரும்பியபோது அதன் முகப்பில் நிலவொளி பட்டது. அங்கே சங்கு முத்திரை இல்லை! கரையில் நின்ற பூதி அலறினாள். போர் முரசு அந்த அலறலை விழுங்கியது. நடு ஆற்றில் பலகைகளைப் பிணைத்த கயிற்றுத் தையல் பிரிந்து, கண்ணெதிரே படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக அமிழ்ந்தன.

மறுநாள் காலை, இளவரசரின் கூடாரத்தில் பதினேழு தச்சர்கள் கட்டுண்டு நின்றார்கள்.

"அறுபது படகுகளும் குளத்தில் ஊறியவைதாம், இளவரசே! பகைவரிடம் விலைபோன இந்தப் பாதகர்கள் கயிற்றை அறுத்துவிட்டார்கள். இவர்கள் தலை உருளவேண்டும்!" என்றார் படகுத்துறை அதிகாரி வில்லவதரையர்.

"பொய்!" என்று தச்சர்களின் பின்னாலிருந்து ஒரு குரல் எழுந்தது.

முக்காடிட்ட பெண்ணொருத்தி முன்னே வந்தாள். "தைத்த படகு மூன்று நாள் நீரில் ஊறினால்தான் பலகை உப்பும், கயிறு இறுகும், கசிவும் தெரியும். தேறியதற்கே சங்கு முத்திரை. குளம் ஒரு முறைக்குக் கொள்வது நான்கு படகுகள். நீங்கள் கொடுத்த பதினைந்து நாளில் எத்தனை ஊறியிருக்கும்? இருபது! மேலும் குளங்கள் வெட்டப் பத்து ஆள் கேட்டேன். இவரோ நூறு பேரைப் பலகை தைக்க வைத்தார். படகுகள் குளக்கரையில் குவிந்தன. என்னைத் துரத்திவிட்டு, ஊறாமலே ஆற்றில் இறக்கினார்!"

"படகோட்டி வீட்டுப் பெண்ணுக்குக் கணக்கு வேறா?" என்று ஏளனம் செய்தார் அதிகாரி.

"கணக்கு வேண்டாம், ஐயா. முத்திரையில்லாத படகு ஒன்று துறையில் மிஞ்சியிருக்கிறது. அது ஊறியதென்றால் ஏறி அக்கரை போய் வாருங்கள். நான் துடுப்புப் போடுகிறேன்!"

வில்லவதரையர் ஆற்றைப் பார்த்தார். அவர் கால் நகரவில்லை.

"தச்சர்களை அவிழ்த்துவிடுங்கள், இவரைக் கட்டுங்கள்," என்றார் இளவரசர். பிறகு, "யாரம்மா நீ?" என்று கேட்டார்.

அவள் முக்காட்டை விலக்கினாள். "குளத்துக் காவல் பூதி. நேற்று மூழ்கிய முதல் படகின் மாலுமி ஐயாறனுடைய மனைவி."

இளவரசர் அவளுக்குத் தலைவணங்கினார். பின்பு, "பகைவன் அக்கரையில் காத்திருக்கிறான், அம்மா. பதினைந்து நாளில் மறுபடி அறுபது படகுகள் வேண்டுமே?" என்றார்.

பூதியின் கண்களில் நீர் வற்றி நெருப்பு மூண்டது. "என் கணவர் மூழ்கிய நீரின்மேல் ஆணை! சங்கு முத்திரை இல்லாத படகு இனி என் பிணத்தைத் தாண்டித்தான் ஆற்றில் இறங்கும். அறுபது வேண்டுமென்றால் மேலும் குளங்கள் வெட்ட இன்றே மண்வெட்டி எடுக்கச் சொல்லுங்கள், இளவரசே! இப்போதைக்கு அந்தக் குளம் கொள்வது நான்கு படகுகள்தாம்."