நண்டுக் குளத்தின் மேல் விழுந்த பழி

அன்றைக்கும் பால் திரிந்துவிட்டது. தொடர்ந்து மூன்றாவது காலை! அடுப்பின் முன்னால் நின்ற அம்சவள்ளி சட்டென்று தீயை அணைத்தாள். பாத்திரத்தை மறைத்துவிடலாம் என்று பார்த்தால், மாமியார் விருத்தாம்பாள் அதற்குள் பின்னால் வந்து நின்றாகிவிட்டது. அந்த அம்மாளுக்குக் காதுதான் மந்தமே தவிர, மூக்குக்கு இன்னும் வயசாகவில்லை.

"மறுபடியுமா? இன்னாடி நடக்குது இந்த வூட்டுல... பால் திரியுது, பயிர் கருகுது! இதெல்லாம் நல்லதுக்கா?"

"பால்ல கலக்கற தண்ணி உப்பா இருக்குது அத்தை..."

"இருக்காதா பின்னே? நீதான் வயலோரத்துல கடலையே கொண்டாந்து கட்டி வெச்சிருக்கியே!"

கடல் என்று அவள் சொன்னது ஒரு நண்டுக் குளத்தை. பாகூர்ப் பக்கத்தில் வயல் முடிந்து உப்பங்கழி தொடங்கும் இடத்தில் இருந்தது அந்தக் குடும்பத்து நிலம். ஒரு புயலில் கழித் தண்ணீர் ஏறியதிலிருந்து கீழ்மூலையில் புல்கூட முளைக்கவில்லை. அந்த மூலையைத்தான் அம்சவள்ளி கேட்டு வாங்கினாள். பக்கத்து மீனவர் குப்பத்துப் பெண்கள் பன்னிரண்டு பேரோடு பயிற்சிக்குப் போய்வந்து, சேர்ந்து குளம் வெட்டினாள். சதை பிடிக்காத 'தண்ணி நண்டு'களை வாங்கி விட்டு, தீனி போட்டுக் கொழுக்க வைக்கிற தொழில். கரையைக் கடல் தின்றுகொண்டிருந்தது. போன படகுகள் வெறும் வலையோடு திரும்பிக்கொண்டிருந்தன. அந்தப் பன்னிரண்டு வீட்டிலும் அடுப்பு எரிவதற்கு இனி அந்தக் குளம்தான் கதி.

கொழுந்தன் அருள்முருகன் புயல் மாதிரி உள்ளே வந்தான். கையில் ஒரு பிடி நெற்பயிர். நுனியெல்லாம் தீய்ந்திருந்தது.

"பாருங்க அண்ணி! ராப்பகலா மோட்டார் வுட்டு உப்பைக் கழுவிக்கினு இருக்கேன். கழுவக் கழுவக் கருகுது! உங்க குளத்து உப்புதான் கசிஞ்சி வருது."

அம்சவள்ளியின் மகள் வெண்ணிலா குறுக்கே வந்தாள். உப்பை அளக்கிற பேனா போன்ற கருவி ஒன்றைப் பயிற்சியில் அவளுக்குக் கொடுத்திருந்தார்கள்.

"சித்தப்பா, நான் அளந்து பாத்தேன். நம்ம போர் தண்ணியிலதான் உப்பு ஏறிக்கினே போவுது. ஆழத்துலேந்து இழுக்க இழுக்கக் கடல் உள்ள வருதாம். முதல்ல மோட்டாரை நிறுத்துங்க..."

"பேனாவை முக்கிட்டு எனக்குப் பாடம் எடுக்கறியா? எங்கப்பா போட்ட போருடி அது! ஊரே குடிச்ச தண்ணி!" அவன் அண்ணி பக்கம் திரும்பினான். "ஒண்ணு அந்தக் குளம் இருக்கணும், இல்ல நான் இருக்கணும். மூடலைன்னா இன்னியோட அடுப்பு வேற, வாசல் வேற!"

அம்சவள்ளி வாக்கப்பட்டு வந்தபோது இவனுக்கு எட்டு வயசு. குளிப்பாட்டிச் சோறு ஊட்டியவள் அவள்தான். அவள் நகையெல்லாம் இவன் படிப்புக்கும் டிராக்டருக்கும் போயிற்று. புருஷன் சிவப்பிரகாசம் சாகிறபோது, "முருகனைத் தனியா வுட்டுடாதே" என்றுதானே கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார்! அந்த முருகனா அடுப்பைப் பிரிக்கிறேன் என்கிறான்?

அன்று மத்தியானமே மண்வெட்டியோடு குளத்துக்குப் போனாள். விஷயம் கேட்டு ஓடி வந்தாள் ஜோஸ்பின்; குப்பத்துப் பெண்களுக்குத் தலைவி.

"அக்கா, இன்னும் ரெண்டே வாரம்... ஓடு கெட்டியாவட்டும், வித்துடலாம். காலைப் புடிச்சிக் கேக்கறேன்!"

"முடியல ஜோஸ்பின்... எனக்கு வேற வழி தெரியல. வூடு ஒடைஞ்சிடும்!"

"உன் வூடு ஒடையக் கூடாதுன்னு எங்க வவுத்துல அடிக்கறியே... நீ நல்லா இருப்பியா?"

அம்சவள்ளி குளத்தைச் சுற்றியிருந்த வலையைத் தூக்கிக் கரையை வெட்டினாள். குளத்துத் தண்ணீர் நண்டுகளோடு கழிக்குள் இறங்கிப் போயிற்று. அந்தச் சாபத்தை முந்தானையில் முடிந்துகொண்டு வீட்டுக்கு வந்து, எல்லாருக்கும் சோறு போட்டாள். அவள் மட்டும் சாப்பிடவில்லை. ஏன் என்று கேட்க அந்த வீட்டில் மகளைத் தவிர நாதியில்லை!

குளம் காய்ந்து வெடித்தது. மழை வரவில்லை. மோட்டார் மட்டும் ஓயாமல் ஓடிக்கொண்டே இருந்தது. வீட்டுக் கொல்லையில் முருங்கை இலை உதிர்த்தது. மாடு தொட்டித் தண்ணீரை முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. அம்சவள்ளிக்கு ஒவ்வொரு காலையும் பயமாகவே விடிந்தது.

இருபதாம் நாள் காலையில் வயலிலிருந்து அருள்முருகனின் அலறல் கேட்டது. "அண்ணி... அண்ணி!"

மூன்று பெண்களும் ஓடினார்கள். அவன் வரப்பில் மண்டியிட்டு உட்கார்ந்திருந்தான். அத்தனை நாளும் குளத்துப் பக்கமே முறைத்துக்கொண்டிருந்தவன், அன்றுதான் மேட்டில் ஏறி வயலை முழுசாகப் பார்த்திருக்கிறான். காய்ந்த குளத்தை ஒட்டிய பாத்தியில் பயிர் கொஞ்சம் பச்சையாகத்தான் நின்றது. மோட்டார்த் தண்ணீர் விழுகிற இடத்தில்தான் ஒரு நெல்தாள்கூட உயிரோடு இல்லை. அங்கிருந்து வாய்க்கால் போன வழியெல்லாம் கருப்பு. கழுவுகிறேன் கழுவுகிறேன் என்று உப்பை அவனே பாய்ச்சியிருக்கிறான்!

"மோட்டார் தண்ணிய வாயில ஊத்திப் பாத்தேன் அண்ணி... கரிக்குது. நானே கொன்னுட்டேன்... உங்க குளத்தையும் கொன்னுட்டேன்!" அவள் காலில் விழுந்து குழந்தை மாதிரி அழுதான்.

"எழுந்திரு முருகா. முதல்ல போய் மோட்டாரை நிறுத்து."

மோட்டார் நின்றது. விருத்தாம்பாள் கருகிய தாள் ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். பிறகு யாரிடமும் சொல்லாமல் கிழக்கே நடந்தாள். தள்ளாடித் தள்ளாடி எங்கே போகிறாள் என்று பதறி மற்றவர்கள் பின்னாலேயே போனார்கள். அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து குப்பத்துப் பக்கம் காலெடுத்து வைக்காதவள், நேரே ஜோஸ்பின் வாசலில் போய் நின்றாள்.

"எம்மா ஜோஸ்பின்... இவளைத் திட்டாதம்மா. இவ மேல ஒரு குத்தமும் இல்ல. பழி போட்டது என் வாயி. கரையை வெட்ட வெச்சது எம்புள்ள."

ஜோஸ்பின் முகம் இறுகியிருந்தது. "போன நண்டு திரும்பி வருமா ஆயா?"

"வராது. எங்க வயல்ல இனிமே நெல்லும் வராது... அந்தக் கீழ்வயல் முழுசையும் நீங்களே எடுத்துக்கினு குளம் வெட்டுங்க. கரை போட எம்புள்ள வருவான். இனிமே எம் மவ அம்சவள்ளி சொல்றதுதான் அந்த நெலத்துல நடக்கும்."

ஜோஸ்பின் அம்சவள்ளியைப் பார்த்தாள். கோபம் இன்னும் முழுசாகப் போகவில்லை. "வெட்டறதுன்னா சீக்கிரம் வெட்டணும்க்கா. போன மாசம் என் வாசல்லேந்து இருவது அடி தள்ளி இருந்துச்சு அலை. இப்ப பாரு" என்றாள். வாசல்படிக்குக் கீழே மணல் ஈரமாக இருந்தது.

அம்சவள்ளி அதைப் பார்த்தாள். ஆனால் காதில் 'எம் மவ' என்பது மட்டும்தான் நின்றது. இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட மாமியார் வாயிலிருந்து வராத வார்த்தை! புருஷன் செத்த அன்றைக்குப் பிறகு அழாதவள், நடுத்தெருவில் முகத்தைப் பொத்திக்கொண்டு விம்மினாள். விருத்தாம்பாள் அவளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"என்னை மன்னிச்சிடுடி..." என்றாள் கிழவி. அவள் உடம்பும் குலுங்கிக்கொண்டிருந்தது.