வக்கீலின் வாய்மொழி

"என்னைக் கூப்பிட்டியா அண்ணே?"

ஈரக் கையைத் துடைத்தபடி தங்கை சமையலறையிலிருந்து வந்து நின்றாள். அவன் கூப்பிடவில்லை. வாய் நிறையத் தேநீரை வைத்துக்கொண்டு யாரைத்தான் கூப்பிட முடியும்?

"இல்லையே."

"கொல்லைப்பக்கம் நின்னு 'ஏம்மா'ன்னு கூப்பிட்ட. உன் குரல் எனக்குத் தெரியாதா? சரி, என் காதுக்கும் வயசாகுது" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.

அவன் சன்னல் பக்கம் திரும்பினான். சன்னலுக்கு வெளியே ரொட்டி ஆலையின் மதில், கருகிய மாவின் வாடை, மங்கும் வெயில், மின்கம்பத்திலிருந்து வீட்டுக்கு வரும் கம்பி. கம்பியில் எதுவும் இல்லை. காற்றும் இல்லை. ஆயினும் கம்பி ஆடிக்கொண்டிருந்தது.

அந்த ஆலையில் மாவு பிசையும் எந்திரத்துக்குச் சுவிட்சுப் போடுபவனாக இருந்தவன் அவன். ஆள் மறையும் ஆழத்தில் ஓர் இரும்புத் தொட்டி. அதனுள் இரண்டு இரும்புக் கைகள். ஒவ்வொரு பிசைவுக்குப் பிறகும் ஒருவர் உள்ளே இறங்கி, ஒட்டிய மாவைச் சுரண்டிவிட்டு வெளியேற வேண்டும். சுவிட்சோ சுவருக்கு அப்பால். "போடலாமா?" என்று இங்கிருந்து ஒரு குரல் கேட்கும்; ஏறி வந்தவர் "போடு" என்று அங்கிருந்து சொல்வார். கண் பார்க்க வேண்டிய வேலையைக் காதிடம் ஒப்படைத்திருந்த ஆலை அது. சுவரில் ஒரு சன்னல் வைக்க முதலாளிக்கு மனமில்லை. வை என்று சொல்லத் தொழிலாளிக்குத் துணிவில்லை.

தொட்டியில் இறங்குபவன் தங்கையின் கணவன். ரொட்டித் துணுக்குத் தின்ன ஆலைக் கூரைக்கு வரும் நீளவால் பறவை ஒன்று அவர்களுக்குத் தோழன். கறுப்புக் கோட்டு, வெள்ளைச் சட்டை. ஆகவே அதற்கு 'வக்கீல்' என்று பெயர். கேட்டதைத் திருப்பிச் சொல்லும். லாரியின் ஹாரன், மேஸ்திரியின் இருமல், எல்லாம் அதற்கு அத்துப்படி. ரொட்டித் துண்டு கொடுத்து, மாப்பிள்ளையின் குரலில் "போடு மச்சான்" என்று சொல்ல அதைப் பழக்கியவன் அவன்தான்.

"மாப்ளே, இனிமே நீ வீட்லயே தூங்கலாம். வக்கீல் உன் வேலையைப் பாத்துக்கும்."

"சரி மச்சான். உன் தங்கச்சிகிட்ட திட்டு வாங்குற வேலையையும் அதுக்கே குடுத்துடு."

சிரித்தார்கள். பிறகு ஒரு நாள், அவன் "போடலாமா?" என்று கேட்டான். "போடு மச்சான்" என்றது குரல். போட்டான்.

விசாரிக்க வந்த அதிகாரியிடம், "போடுன்னு சொன்னாருங்க, என் காதால கேட்டேன்" என்றான். காது கேட்டது உண்மை; வாய் சொன்னது பொய். பறவையைப் பற்றி அவன் மூச்சுவிடவில்லை. பழி, எழுந்து வந்து மறுக்க முடியாதவன் தலையில் விழுந்தது. ஆலை செய்த சீர்திருத்தம் ஒன்றே ஒன்று: சுவிட்சுக்கு மேலே 'கேட்டுவிட்டுப் போடவும்' என்று ஒரு பலகை. தங்கைக்கு இரக்கம் காட்டி, அந்தப் பலகையின் அடியிலேயே சுவிட்சுப் போடும் வேலை கொடுத்தது. சுவிட்சைத் தொட விரல் மறுத்ததால், அவன் தொட்டிக்கு மாறினான்.

மாறும் முன்னர், மாலை மயக்கத்தில் கூரையோரம் வலை விரித்தான். கறுப்பும் வெள்ளையுமாய் ஒன்று கையில் துடித்தது. குற்றவாளிதானா என்று அவன் பார்க்கவில்லை. கோட்டைப் பார்த்தான், கழுத்தைத் திருகினான்.

"அண்ணே, ஒண்ணு கேக்கவா?" சாப்பிடும்போது தங்கை தலை நிமிராமல் பேசினாள். "செருப்பைக்கூட ரெண்டு தடவை தட்டிட்டுப் போடுற மனுஷன் அவரு. உள்ள நின்னுக்கிட்டே 'போடு'ன்னு சொல்வாரா?"

"நாளைக்குப் பேசலாம்மா."

"அப்போ பேசுறதுக்கு ஏதோ இருக்கு."

அவன் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தான்.

மறுநாள் காலை, இந்தப் பிசைவு முடிந்ததும் ஏறிப் போய் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்ற முடிவோடு தொட்டிக்குள் இறங்கினான். புளித்த மாவின் வாடை மூக்கை அடைத்தது. கால் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. தோளுக்கு மேலே இரும்புக் கைகள் கும்பிடுவதுபோல் குவிந்து நின்றன. கையிலிருந்த சுரண்டி இரும்பில் உரசியது. அவன் நிறுத்தினான். உரசல் நிற்கவில்லை.

மேலே. நகம். இரும்பின் மேல் நகம்.

தொட்டியின் விளிம்பில் கறுப்புக் கோட்டு. வெள்ளைச் சட்டை. நீண்ட வால்.

அவன் கொன்றதன் வால் உள்ளங்கைக்குள் அடங்கியது. அன்று செத்தது இந்த நீளவாலன் இல்லை. வெறும் குண்டுக்கரிச்சான். பாட மட்டுமே தெரிந்த பறவை.

சுவருக்கு அப்பாலிருந்து தங்கையின் குரல்: "அண்ணே, போடலாமா?"

அவன் வாயைத் திறந்தான். மாவுத் தூசி. நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது.

பறவை அலகைத் திறந்தது. "போடு மச்சான்."

செத்தவனின் குரல்.

சுவருக்கு அப்பாலிருந்து, மிகத் தாழ்வாக, "அண்ணே... அது யாரு?"

"பறவைம்மா." அவன் விளிம்பைப் பார்த்தபடியே சொன்னான். "வக்கீல். நான்தான் பழக்கினேன். அன்னிக்கும்... அதுதான்."

அவள் காலடி கேட்கவில்லை. அழுகை கேட்கவில்லை. ஏணியில் கை வைத்தான். ஏறவில்லை. ஏறிப் போய் எந்த முகத்தைக் காட்டுவான்? அவள் ஒரு சொல் சொல்லட்டும் என்று காத்து நின்றான்.

பறவை தலையைச் சாய்த்து அவனைக் கீழே பார்த்தது.

"போடும்மா" என்றது. அவன் குரலில். அந்த 'ம்மா' கூடத் தப்பவில்லை.

பலகையின் அடியில் நின்றவள் கேட்டுவிட்டாள்.

'டக்'கென்று ஒரு சிறிய ஒலி.

தோளுக்கு மேலே, உறக்கம் கலைவதைப் போல், ஓர் இரும்புக் கை மெல்ல அசைந்தது.